பல் சுத்தம் செய்யும் கைக்கு என்ன சம்பளம்?

‘டெண்டல் ஹைஜீனிஸ்ட் சம்பளம்’ என்று செல்போனில் தேடினால் முதலில் வந்து விழுவது அமெரிக்கக் கணக்கு. அந்த நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2023 மே மாத நிலவரமாகச் சொன்ன நடுமட்டச் சம்பளம் ஆண்டுக்கு 87,530 டாலர். அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுச் சென்னை பாண்டி பஜார் கிளினிக் ஒன்றில் நேர்முகத்துக்கு உட்காருகிறவர், “பதினாலாயிரம் தரலாம்மா” என்று டாக்டர் சொன்னதும் யாரோ தன்னை ஏய்க்கிறார்கள் என்றே நினைப்பார். ஏய்ப்பு எதுவும் அதில் இல்லை. இரண்டு ஊரிலும் வேலை ஒன்று, கையில் பிடிக்கும் ஸ்கேலர் ஒன்று. அதே வேலையைச் செய்ய வேறு யார், என்ன விலைக்கு, வாசலில் காத்திருக்கிறார்கள் என்பதுதான் வேறு. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கம் வேலை தேடப் போகிறவர்கள் இதை முதலில் புரிந்துகொண்டால் பேரம் பேசும்போது குரல் நடுங்காது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், சுருக்கமானதுதான். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் தந்த விளக்கப்படி, பல் மருத்துவரோ பொது மருத்துவரோ அல்லாமல், பல்லில் படிந்த காரையை எடுப்பவர் (இதுதான் ஸ்கேலிங்), பல்லைச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர், வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர் டெண்டல் ஹைஜீனிஸ்ட். நாடு விடுதலையான மறு ஆண்டே சட்டத்தில் இடம்பிடித்துவிட்ட தொழில் இது. இத்தனை ஆண்டுகளில் நம் ஊர் நோயாளிகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒருவர் உண்டு என்று தெரியும் என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும். 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும் பல் மருத்துவர்களுக்கென்று ஒரு பதிவேடு, துணைப் பணியாளர்களுக்கென்று ஒரு பதிவேடு என்று பிரித்தே பேசுகிறது.

வழி இது: பிளஸ் டூவில் உயிரியலோடு அறிவியல் பாடம், அதன் பிறகு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டாண்டு டிப்ளமோ, பிறகு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு. சென்னையில் விசாரணையைத் தொடங்க வேண்டிய இடம் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. தனியார் நிறுவனத்தில் சேருவதானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “இதை முடித்தால் கவுன்சிலில் பதிவெண் கிடைக்குமா?” பதில் ‘கிடைக்கும், ஆனா…’ என்று இழுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஆறு மாதச் சான்றிதழ், ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று சுவரொட்டி ஒட்டும் இடங்கள் தருவது உதவியாளர் பயிற்சி. அதில் தவறில்லை, அதற்கும் வேலை உண்டு. அதை ஹைஜீனிஸ்ட் படிப்பு என்று விற்பதுதான் தவறு. பதிவெண் இல்லாதவர் தன்னை ஹைஜீனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு ஸ்கேலிங் செய்வது சட்டப்படி குற்றம்.

மேலே ஒரு டாக்டர், கீழே ஒரு சிஸ்டர்

இனி நெருக்கடிக்கு வருவோம். இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறுக்கும் மேல். சென்னையைச் சுற்றி மட்டும் எண்ணிப் பாருங்கள்: சவீதா, ராமச்சந்திரா, ராமாபுரம் எஸ்.ஆர்.எம்., மீனாட்சி அம்மாள், ஈ.சி.ஆரில் ராகாஸ், பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, கேளம்பாக்கத்தில் செட்டிநாடு. பட்டியல் இன்னும் நீளும். ஆண்டுதோறும் இவற்றிலிருந்து பி.டி.எஸ். முடித்து வெளியே வரும் இளம் டாக்டர்களில் பலர், எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மாலை நேரத்தில் ஏதாவது ஒரு கிளினிக்கில் உட்காருகிறார்கள். அவர்கள் ஸ்கேலிங் செய்யலாம், பல்லை அடைக்கலாம், பிடுங்கலாம், மருந்துச் சீட்டும் எழுதலாம். அவர்கள் கேட்கும் சம்பளம் உங்களுடையதைவிட அப்படியொன்றும் அதிகமில்லை. முதலாளி டாக்டரின் இடத்தில் இருந்து யோசித்தால், ஹைஜீனிஸ்ட்டை எதற்காக வைத்துக்கொள்ள வேண்டும்?

கீழ்ப்பக்கம் இன்னொரு போட்டி. கிளினிக்கில் எல்லோரும் ‘சிஸ்டர்’ என்று கூப்பிடும் உதவியாளர். பத்தாவதோ பிளஸ் டூவோ படித்துவிட்டு வந்து, சக்‌ஷன் பிடிப்பது, சிமென்ட் கலப்பது, ஆட்டோகிளேவ் போடுவது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். கை சுத்தம், வேகம், நோயாளியிடம் பேச்சு எதிலும் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் கூட்டம் அதிகமானால் அவர் கையிலேயே ஸ்கேலரும் போய்விடுகிறது. அது நடக்கக் கூடாது. நடக்கிறது என்பதை மறைத்துவிட்டு வழிகாட்டி எழுதுவதில் அர்த்தமில்லை.

அரசாங்கமே இந்த இரண்டு முனைகளுக்கும் விலை போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் கடந்த சில ஆண்டுகளில் வெளியிட்ட ஒப்பந்தப் பணி அறிவிப்புகளில் பல் மருத்துவருக்கு மாதம் 34,000 ரூபாய், பல் மருத்துவ உதவியாளருக்கு 13,800 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தென் சென்னையில் ஹைஜீனிஸ்ட் சம்பளம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடுகிறது, பெரும்பகுதி கீழ் எண்ணை ஒட்டியே. என் கணிப்பில், டிப்ளமோ முடித்துப் புதிதாக வருகிறவருக்கு 12,000 முதல் 17,000 வரை பேசுவார்கள். நாலைந்து ஆண்டு அனுபவத்தோடு ஈறு சிகிச்சை நிபுணரிடமோ, இம்ப்ளான்ட் அதிகம் செய்யும் இடத்திலோ இருப்பவர் இருபதைத் தாண்டலாம். முப்பதைத் தொடுகிறவர் அநேகமாகக் கிளினிக் நிர்வாகத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருப்பார். இவை என் மதிப்பீடுகள், அரசு அளவுகோல் அல்ல. தெருவுக்குத் தெரு மாறும்.

அமெரிக்காவில் ஏன் இப்படி இல்லை? கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் 1906-இல் தன் உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் அதற்கென்றே பள்ளி தொடங்கினார். டாக்டரின் ஒரு மணி நேரம் விலை அதிகம், சுத்தம் செய்ய அதைச் செலவழிப்பது வீண் என்ற கணக்கின் மேல்தான் அந்தத் தொழில் அங்கே வளர்ந்தது. நம் ஊரில் இளம் டாக்டரின் ஒரு மணி நேரம் மலிவு. ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம், டாக்டரின் நேரம் மலிவாக இல்லாத கிளினிக்.

சம்பளம் கேட்கும் முன் நாற்காலியை எண்ணுங்கள்

அப்படிப்பட்ட கிளினிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? உள்ளே நுழைந்ததும் எத்தனை டெண்டல் நாற்காலிகள் என்று பாருங்கள். ஒரே நாற்காலி இருக்கும் கிளினிக்கில் ஹைஜீனிஸ்ட்டுக்கு உண்மையில் வேலை கிடையாது. நீங்கள் முக்கால் மணி நேரம் ஸ்கேலிங் செய்தால் அந்த முக்கால் மணி நேரம் டாக்டர் சும்மா நிற்க வேண்டும். எந்த டாக்டர் அதற்குச் சம்மதிப்பார்? ஹைஜீனிஸ்ட் என்று எடுத்துக்கொண்டு, மூன்றே மாதத்தில் ரிசப்ஷனில் போன் எடுக்க உட்கார்த்திவிடுவார்கள். இரண்டு நாற்காலி என்றால் யோசிக்கலாம். மூன்றும் அதற்கு மேலும் இருந்து, வாரத்தில் சில நாள் ஈறு நிபுணரோ இம்ப்ளான்ட் நிபுணரோ வந்துபோகிறார் என்றால் அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது. டாக்டர் ஒரு நாற்காலியில் ரூட் கெனால் செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் நீங்கள் சம்பாதித்துக் கொடுக்கிறீர்கள்.

மூன்று பேட்டைகளும் மூன்று மாதிரி. மயிலாப்பூரில் லஸ், கச்சேரி ரோடு, ராமகிருஷ்ண மடம் சாலை பக்கத்துக் கிளினிக்குகளில் பல பழைய குடும்பக் கிளினிக்குகள். அப்பா டாக்டர், மகனோ மருமகளோ டாக்டர், நோயாளிகளும் தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள். பெரியவர்கள் “டாக்டரே பண்ணட்டும்” என்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் தடவை டாக்டர் பக்கத்தில் நின்று “இவங்க என்னைவிடப் பொறுமையாப் பண்ணுவாங்க மாமி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த தடவை உங்களையே கேட்டு வருவார்கள். டிசம்பர், ஜனவரியில் கச்சேரி சீசனுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே கட்டுப்படியாகாத பல் வேலைகளை இங்கே முடித்துக்கொண்டு போவது வழக்கம். அந்த ஆறு வாரத்தில் லீவு கேட்காதீர்கள், ஊக்கத்தொகை கேளுங்கள்.

தி. நகரில் கூட்டம்தான் எல்லாம். உஸ்மான் ரோட்டிலும் ஜி.என். செட்டி ரோட்டிலும் பல டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் கிளினிக்குகள், நாடு முழுக்கக் கிளை பரப்பிய சங்கிலி நிறுவனங்கள், நிபுணர்கள் சுற்றி வரும் மையங்கள் எல்லாம் உண்டு. சங்கிலி நிறுவனங்களில் நல்லது: சம்பளம் தேதிக்கு வங்கியில் விழும், பி.எஃப். பிடிப்பார்கள், பதவிப் பெயர் தாளில் இருக்கும். கெட்டது: இலக்கு வைப்பார்கள். ஸ்கேலிங்குக்கு வந்தவரிடம் பல் வெளுப்பாக்கும் சிகிச்சையை விற்கச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கடைத்தெரு திறந்திருக்கும் ஊர் என்பதால் வார விடுமுறை என்றைக்கு என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்னொன்று, இதைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் சொல்ல வேண்டும்: ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்காக 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொடுத்தார்கள். பக்கத்துத் தெருக் கிளினிக்கில் முதுகை வளைத்து நின்றபடியே ஸ்கேலிங் செய்யும் பெண்ணுக்குச் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கிப் போட இன்னும் மனசு வரவில்லை. ஸ்டூல் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் இந்தத் தொழிலில் இருப்பதா, நாலு வருடத்தில் இடுப்பு வலியோடு விலகுவதா என்பதை அது தீர்மானிக்கும்.

அடையாறு என்றால் காந்தி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர், எல்.பி. ரோடு, திருவான்மியூர் வரை. டைடல் பார்க் பக்கத்து ஐ.டி. ஊழியர்கள், கிளிப் போட்ட கல்லூரிப் பிள்ளைகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டவர்கள். ‘ஹைஜீனிஸ்ட்’ என்ற பெயரைச் சொன்னால் விளக்கம் கேட்காத நோயாளிகள் இந்த மூன்று பேட்டைகளில் இங்கேதான் அதிகம். கிளிப், அலைனர், இம்ப்ளான்ட் மூன்றும் தொடர் பராமரிப்பு கேட்கும் சிகிச்சைகள். அதாவது உங்களுக்கான வேலை. இம்ப்ளான்ட்டைச் சுற்றிச் சாதாரண எஃகு முனையை வைத்துச் சுரண்டினால் உலோகத்தில் கீறல் விழும். அதற்கென்று பிளாஸ்டிக், டைட்டானியம் முனைகள் உண்டு. இதை நேர்முகத்தில் தானாக எடுத்துச் சொல்லும் பெண்ணை டாக்டர் இரண்டாவது தடவை நிமிர்ந்து பார்ப்பார்.

மூன்று இடத்துக்கும் பொதுவான தொல்லை, உடைந்த வேலை நேரம். காலை பத்து முதல் ஒன்றரை, மாலை ஐந்து முதல் ஒன்பது. நடுவில் மூன்றரை மணி நேரம் எங்கே போவது? தாம்பரத்திலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ வருகிறவர் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு உங்கள் நாளில் பதினோரு மணி நேரம் போகிறது என்று கணக்குப் போடுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பயணச் செலவைக் குறைக்கும். இரவு ஒன்பதரைக்கு அந்தப் பேருந்து வருமா என்பது வேறு விஷயம். முடிந்தால் ஒரே ஷிப்ட் கேளுங்கள், பன்னிரண்டு முதல் எட்டு மாதிரி. சம்பளத்தில் ஆயிரம் குறைந்தாலும் அதை வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மாம்பலம் ரயில் நிலையத்துக்கோ, பறக்கும் ரயிலின் திருமயிலை, கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் நிலையங்களுக்கோ நடக்கும் தூரத்தில் கிளினிக் இருந்தால் அதற்கும் ஒரு மதிப்புப் போடுங்கள்.

எப்படிக் கேட்பது

‘எனக்கு டிப்ளமோ இருக்கிறது, அதனால் கூடுதலாகத் தாருங்கள்’ என்றால் எந்த டாக்டரும் இறங்கி வர மாட்டார். அவர் அறையில் சுவர் முழுக்க டிப்ளமோதான். கணக்கைக் காட்டுங்கள். ஒரு ஸ்கேலிங்குக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நீங்கள் மூன்று பேருக்குச் செய்தால், மாதம் 25 நாளில் 75,000 ரூபாய். வாடகை, கரண்ட், மருந்து எல்லாம் போகட்டும். அதில் 20,000 கேட்பது நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். அது போக, மூன்று ஸ்கேலிங்குக்கு ஆகும் அந்த இரண்டேகால் மணி நேரத்தில் டாக்டர் வேறு நாற்காலியில் செய்யும் வேலையின் வருமானம் தனி.

அடுத்த கேள்வி, அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள்? சென்னையில் அநேகக் கிளினிக்குகளின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. பல் வலித்தால் நோயாளி வருவார், வலி போனதும் காணாமல் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து அவரைக் கூப்பிட யாரும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போட்டு, யாருக்கு எந்தத் தேதியில் சுத்தம் செய்தோம், சர்க்கரை உண்டா, ஈறில் ரத்தம் வந்ததா, அடுத்து எப்போது கூப்பிட வேண்டும் என்று எழுதி, நடுப்பகல் ஓய்வு நேரத்தில் நாலு பேருக்குப் போன் செய்கிற ஹைஜீனிஸ்ட், தன் நாற்காலியைத் தானே நிரப்பிக்கொள்கிறார். இந்த நோட்டுதான் உங்கள் சம்பள உயர்வு மனு. சர்க்கரை நோய்க்காரர்களை அதில் தனியாகக் குறியுங்கள். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுக்குள் வருவதும் கஷ்டம். அவர்களை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு முறை கூப்பிடுவதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. வியாபாரம் பண்ணுகிறோமே என்று கூச வேண்டியதில்லை.

பேச்சு இப்படிப் போகலாம்:

“எவ்வளவும்மா எதிர்பார்க்கிற?”

“மூணு மாசத்துக்குப் பதினாறு குடுங்க டாக்டர். அதுக்குள்ள ஒரு நாளைக்கு மூணு ஸ்கேலிங் கணக்கு காட்டிட்டா இருபது பண்ணிக் குடுங்க. பழைய பேஷன்ட்ஸ் லிஸ்ட் குடுத்தீங்கன்னா நானே போன் பண்ணி வரவழைக்கிறேன்.”

“இப்ப இருக்கற சிஸ்டரே பதினொண்ணுக்குத்தான் இருக்காங்க.”

“அவங்க வேலை வேற டாக்டர். எனக்கு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு. நான் பண்ற நேரத்துல நீங்க பக்கத்துச் சேர்ல கேப் வேலை பார்க்கலாம்.”

இதற்கு மேல் பேசத் தேவையில்லை. சம்மதித்தால் அந்த மூன்று மாத நிபந்தனையை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் நியமனக் கடிதம் தருவது முதலாளியின் கடமை. “நம்ம கிளினிக்ல அதெல்லாம் பழக்கமில்லம்மா” என்றால் நீங்களே டைப் செய்து கொண்டுபோய்க் கையெழுத்துக் கேளுங்கள். நிறைய டாக்டர்கள் சோம்பேறித்தனத்தில்தான் கொடுக்காமல் இருக்கிறார்கள்.

நோயாளியிடம் பேசத் தெரிவதும் சம்பளத்தில்தான் சேர்த்தி. “க்ளீன் பண்ணா பல் ஆடிடும்னு சொல்றாங்களே” என்பது தினம் ஒரு தடவையாவது காதில் விழும். “சுத்தம் செய்வதால் ஆடாது” என்று மட்டும் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கண்ணாடியைக் கையில் கொடுத்து, கீழ் முன்பல்லின் உள்பக்கக் காரையைக் காட்டி, “ஈறு ஏற்கெனவே இறங்கிப்போச்சு, இந்தக் காரை அந்த இடைவெளியை மறைச்சுக்கிட்டு இருக்கு, எடுத்தா அந்த இடம் காலியாத் தெரியும், கொஞ்ச நாள் கூச்சமும் இருக்கும்” என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் புகார் வராது. இதைப் பொறுமையாகச் சொல்ல இளம் டாக்டருக்கு நேரமும் இல்லை, பெரும்பாலும் மனசும் இல்லை. உங்களை வைத்துக்கொள்ள அவருக்கு இருக்கும் நல்ல காரணங்களில் இதுவும் ஒன்று.

கையெழுத்துக்கு முன்

உங்கள் அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். ‘ஒரு வருஷம் எங்ககிட்டயே இருக்கட்டும்’ என்கிற இடம் எதுவானாலும் வேண்டாம்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பதினைந்தாயிரம் சம்பளத்தில் உங்களுக்குப் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. அந்தத் தொகைக்குக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் உங்கள் குடும்பத்துக்கே சிகிச்சை, பிரசவ காலத்தில் சம்பளத்துக்கு ஈடான பணம். இதைவிட லாபமான பேரம் இந்த ஊரில் கிடையாது. ‘பிடித்தம் வேண்டாம், கையில் முழுசாத் தர்றேன்’ என்று சொன்னால் மயங்காதீர்கள்.

தடுப்பூசி. ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதம், ஆறு மாதம். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் பணியாளர்களுக்கு இந்தத் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போடுவதையும், வேலையில் சேரும்போதும் பின்பு ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்வதையும் கிளினிக் பொறுப்பாளரின் கடமை ஆக்கியிருக்கின்றன. பலருக்கு இது தெரியாது, கேட்டால் போட்டுவிடுவார்கள். ஊசி முனைகளும் பிளேடுகளும் வெள்ளை ஒளிபுகும் டப்பாவுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் சேரும் இடத்தில் அந்த டப்பா இல்லாமல் எல்லாம் ஒரே கூடையில் கிடந்தால், அந்த வேலையின் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் குறைவுதான்.

இரவு நேரத்தில் நீங்கள், டாக்டர், ஒரு நோயாளி என்று மூன்று பேர் மட்டும் இருக்கும் கிளினிக்குகள் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் பாலியல் தொல்லை நேர்ந்தால் புகார் கொடுக்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ரயில்வேயும் வளைகுடாவும்

அரசு வேலை என்றால் கண்ணில் படவேண்டியது ரயில்வே. ரயில்வே தேர்வு வாரியத்தின் துணை மருத்துவப் பணி அறிவிப்பில் ‘டெண்டல் ஹைஜீனிஸ்ட்’ என்ற பெயரிலேயே பதவி உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின் 6-ஆம் நிலை, தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீத அகவிலைப்படி 19,470, சென்னைக்கு 30 சதவீத வீட்டு வாடகைப்படி 10,620. மற்றப் படிகள் இல்லாமலே 65,000-ஐத் தாண்டுகிறது. மயிலாப்பூரில் யாரும் தராத சம்பளம்.

எச்சரிக்கையும் இதே வேகத்தில் சொல்ல வேண்டும். 2024-இல் வந்த அறிவிப்பில் மொத்தம் 1,376 துணை மருத்துவப் பணியிடங்கள். அதில் ஹைஜீனிஸ்ட்டுக்கு மூன்று. நாடு முழுவதற்கும் மூன்று. தகுதியும் கூடுதல்: உயிரியலோடு அறிவியல் பட்டம், அதற்கு மேல் இரண்டாண்டு ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ, அதற்கும் மேல் ஹைஜீனிஸ்ட்டாக இரண்டாண்டு அனுபவம். பதினெட்டு வயதில் தொடங்கினால் மூன்றும் இரண்டும் இரண்டும் சேர்ந்து இருபத்தைந்து. பிளஸ் டூ முடித்தவுடன் இதைப் படிக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் குடும்பத்தோடு உட்கார்ந்து போடுங்கள்; விலங்கியல் பட்டம் முடித்துவிட்டு ஹைஜீனிஸ்ட் டிப்ளமோவுக்கு வந்தால் இந்தக் கதவும் திறந்தே இருக்கும். ஆனால் மூன்று இடத்தை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைக்கக் கூடாது. அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுங்கள், மற்ற நாளெல்லாம் கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருங்கள்.

அமெரிக்கா பற்றி ஒரே வாக்கியம்: அங்கே பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவருக்குத்தான் உரிமம் தருகின்றன, நம் டிப்ளமோ அப்படியே செல்லாது. பிரிட்டனும் 2023 மார்ச்சில் ஒரு கதவை மூடியது, ஆனால் அது டாக்டர்களுக்கான கதவு. அதுவரை வெளிநாட்டுப் பல் மருத்துவர்கள் ஹைஜீனிஸ்ட்டாகப் பதிந்துகொண்டு அங்கே வேலைக்குச் சேர முடிந்தது.

வளைகுடா நடைமுறைக்கு நெருக்கமானது. துபாய், சவுதி, கத்தார் எல்லாமே உரிமம் கேட்கும். படிப்பு, பதிவு, அனுபவம் மூன்றையும் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாகச் சரிபார்ப்பார்கள், அதன் பிறகு கணினித் தேர்வு. அங்கேயும் உங்களுக்குப் போட்டி நம் ஊர்ப் பி.டி.எஸ். டாக்டர்கள்தான். ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். இரண்டு லட்சம் கேட்பவரிடம் ரசீது கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும். தமிழ்நாடு அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. தனியார் ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் அதன் அறிவிப்புகளைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரயில்வே ஆனாலும் துபாய் ஆனாலும் கடைசியில் கேட்பது ஒரே தாள், அனுபவச் சான்றிதழ். அதில் உங்கள் பதவி ‘டெண்டல் ஹைஜீனிஸ்ட்’ என்று இருக்க வேண்டும். ‘ஸ்டாஃப்’ என்றோ ‘அசிஸ்டென்ட்’ என்றோ எழுதிக் கொடுத்தால் இரண்டு வருட உழைப்பு கணக்கில் வராது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற குறிப்பு, டாக்டரின் கையெழுத்து, அவருடைய பதிவெண், கிளினிக்கின் முத்திரை, தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். டேட்டாஃப்ளோவிலிருந்து சரிபார்க்கக் கிளினிக்கைத் தொடர்புகொள்வார்கள். அதற்குப் பதில் சொல்லப்போவது நீங்கள் விட்டுவந்த டாக்டரோ, ரிசப்ஷனில் இருக்கும் சிஸ்டரோதான். ஆகவே வேலையை விடும்போது ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, உங்கள் நோட்டுப் புத்தகத்தை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைத்து, சான்றிதழைக் கடைசி நாளன்றே கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுவராதீர்கள்.